அறுபத்தொன்றாவது கர்லூ

1998ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பதினான்காம் நாள், புதன்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். கிழக்கே கடலிலிருந்து வந்த காற்று தூறலைத் தரையில் விழவிடாமல் படுக்கைவாட்டில் ஓட்டிக்கொண்டிருந்தது. லிங்கன்ஷைரின் அந்தப் பகுதியில் காற்றைத் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. கடலை விட்டால் முட்டைக்கோசு வயல். வயலை விட்டால், உருளைக்கிழங்குக் கொட்டகையின் வாசலில் நின்றுகொண்டிருந்த பெரில் சார்ட்சனின் முகம்.

அவளுக்கு முன்னால் கரும்பச்சை நிறத்தில் ஒரு கார் நின்றது. அதன் பெயர் கர்லூ. நீண்ட அலகால் சேற்றைக் கிளறித் திரியும் சதுப்புநிலப் பறவையின் பெயர். காருக்கும் மூக்கு நீளம். இருவர் உட்காரலாம். கூரை கிடையாது. ஏன் இல்லை என்று கேட்பவர்களிடம், நனையப் பயந்தவர்களுக்கு வேறு கார்கள் இருக்கின்றன என்று பெரிலின் கணவன் கிளெம் சொல்வது வழக்கம். அந்தக் கொட்டகையிலிருந்து வெளியேறிய கர்லூக்களில் இது அறுபத்தொன்றாவது.

சொந்தக்காரர் நெவில் பாஸ்க், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், கதவில்லாத பக்கத்தின் வழியாகக் காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தார்.

"தொப்பி போட்டுக்க நெவில்," என்றான் கிளெம். "வழியெல்லாம் பீட்கிழங்கு லாரி. ஒரு கூடை சேறு வாயில வாங்கிக்கிட்டுதான் போய்ச் சேருவ."

"வாயை மூடிக்கிட்டு ஓட்டுறேன்."

"அது உன்னால ஆகாது. முப்பது வருஷமா ஏறுறவங்க இறங்குறவங்க எல்லார்கிட்டயும் பேசின வாய் அது."

"வேன்ல வர்றவன் பேசாம வா. பின்னாடி தள்ளி வா. உன் வேன் புகைய என் பெயிண்ட் மேல விடாத."

"புகை பின்னாலதான் போகும்டா, மடையா."

பெரில் மழைத்துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நெவிலுக்குப் பக்கத்தில் அமர்ந்தாள். அரசின் பரிசோதனை நிலையம் இருபத்திரண்டு மைல் தள்ளியிருந்தது. ஒன்பதரைக்கு முறை. கார் அங்கே தேறினால் கொட்டகை நிலைக்கும். தேறாவிட்டால் வெள்ளிக்கிழமை வாடகைக் கொட்டகையின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். இந்த முடிவை அவள் ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிட்டாள். கிளெமிடம் சொல்லவில்லை. அவனும் அதே முடிவை எடுத்து அவளிடம் சொல்லாமலிருந்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்தக் கொட்டகையின் கதை இருபத்தேழு ஆண்டுகளுக்குரியது. 1971இல் கிளெம், பண்ணைகளில் கிழங்கு அள்ளும் இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். துருப்பிடித்த குடும்பக் காரொன்றின் இன்ஜினையும் அச்சையும் கழற்றி, இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து தானே ஒரு சேசிஸ் கட்டினான். அதன்மேல் போர்த்துவதற்கு உடம்பு வேண்டியிருந்தது. பெரில் படகுப் பட்டறையொன்றில் கண்ணாடியிழை வேலை பார்த்துப் பழகியவள். வார்ப்பச்சில் இழைவிரிப்பைப் பரப்பி, பிசினை ஊற்றி, உருளையால் காற்றை வெளியேற்றி, அடுக்கடுக்காக அந்த நீள மூக்கை எடுத்தாள். கோடைக்காலச் சந்தைக்கு இருவரும் அதில் போனார்கள். திரும்பும்போது மூன்று பேர், எங்களுக்கும் ஒன்று என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முழுக் காராக விற்றால் அப்போது வரி உண்டு. உதிரிகளாக விற்றால் இல்லை. வாங்குகிறவன் வீட்டில் வைத்துத் தானே பூட்டிக்கொள்வான். கிட் கார் என்பது அதுதான். ஆனால் பூட்டும் முறையை உதிரிகளோடு எழுதித் தரக் கூடாது என்றது சட்டம். பெரில் சட்டத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு, 'கர்லூவைப் பிரிப்பது எப்படி' என்று முப்பத்தெட்டுப் பக்கங்கள் தட்டச்சு செய்தாள். வாங்கியவர்கள் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படித்துக் காரைப் பூட்டினார்கள். இரண்டு ஆண்டுகளில் சட்டம் மாறியது. புத்தகத்தை நேராகத் திருப்பி எழுதினாள். அதில் ஒரு குறையும் இல்லை என்பது அவளுடைய எண்ணம். கடிதம் எழுதிச் சந்தேகம் கேட்டவர்களுக்கு அவள் பக்க எண்ணை மட்டுமே பதிலாக அனுப்பினாள்.

இந்த ஜூலையில் புதிய சட்டம் வந்தது. வீட்டில் பூட்டிய ஒவ்வொரு காரும் சாலைக்கு வருமுன் அரசுப் பரிசோதகர் ஒருவரின் கையெழுத்தைப் பெற வேண்டும். பரிசோதனைக்கு ஓட்டிப் போவதற்கு மட்டும் விலக்கு. கர்லூவுக்காகப் பெயர் கொடுத்திருந்த ஒன்பது பேரும், ஒன்று தேறட்டும், பார்த்துவிட்டு வருகிறோம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். கொட்டகைக்காரரோ, இன்னும் ஓராண்டுக்கு வேண்டுமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லும்படி கேட்டிருந்தார்.

நெவில் வாயை மூடிக்கொண்டு ஓட்டவில்லை.

"சேசிஸுக்கு ஒம்பது பூச்சு, கண்ணு! உன் புத்தகத்துல என்ன எழுதியிருக்க? 'மூன்று பூச்சுப் போதும்; மானமுள்ளவர் ஐந்து பூசுவர்.' நான் ஒம்பது பூசியிருக்கேன்."

"அஞ்சுக்கு மேல வீண், நெவில்."

"மானத்துக்கு ஏது அளவு?"

முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு சேற்றுக் கட்டி பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. நெவில் அந்த லாரியின் வம்சத்தைப் பற்றி ஒரு மைல் தூரம் பேசினார். பெரில் கால்களுக்கிடையில் வைத்திருந்த உணவுக்கூடையை அணைத்துக்கொண்டு, கார் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் உடம்பு எங்காவது முனகுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள். முனகவில்லை.

பரிசோதகர் விட்லம் ஒல்லியானவர், சாம்பல்நிற மேலங்கி, சட்டைப்பையில் ஒரே மாதிரியான மூன்று பேனாக்கள். அவர் காரைப் பார்த்து அழகு என்றும் சொல்லவில்லை, அசிங்கம் என்றும் சொல்லவில்லை. ஒரு கம்பியின் நுனியில் பொருத்திய உருண்டையை எடுத்துக் காரின் உடம்பெங்கும் உருட்டினார். உருண்டை தொடுகிற இடத்தில் கூரான விளிம்பு இருக்கக் கூடாது என்பது விதி. விளக்குச் சட்டம், கண்ணாடித் தண்டு, சக்கர வளைவு என்று உருண்டை போய்க்கொண்டேயிருந்தது.

கிளெமுக்குப் பொறுக்கவில்லை. வேனுக்குப் போய் ஒரு மரக்குமிழைக் கொண்டுவந்து காட்டினான்.

"எங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு சார். அதே அளவு. ஆறு மாசமா இதை வச்சு உருட்டித்தான் ராவினோம்."

விட்லம் குமிழை வாங்கித் தம் உருண்டையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். "எங்கே வாங்கினீங்க?"

"எங்க வீட்டு மாடிப்படித் தூண்ல இருந்தது."

"அறுத்துட்டீங்களா?"

"அளவு சரியா இருந்துச்சு."

"என்னைக் கேக்காம அறுத்தான்," என்றாள் பெரில். "இறங்கும்போது கை வச்சா இப்ப வெறும் முளைதான் குத்துது. அதுக்கு உங்க சட்டத்துல ஏதாவது இருக்கா, மிஸ்டர் விட்லம்?"

"வீட்டுக்குள்ள எங்களுக்கு அதிகாரம் இல்ல, மிசஸ் சார்ட்சன்."

அவர் முகம் மாறவில்லை. ஆனால் குமிழைத் திருப்பிக் கொடுக்குமுன் ஒரு முறை கையில் எடைபோட்டுப் பார்த்ததைப் பெரில் கவனித்தாள்.

உருண்டை எங்கும் தடைபடவில்லை. பிரேக்குகள் தேறின. இரைச்சல், அனுமதித்த அளவுக்குச் சற்றுக் கீழே நின்றது. விட்லம் இருக்கைப் பட்டைகளைத் தம் முழு எடையையும் கொடுத்து இழுத்தார். புதிய விதிக்காகக் கிளெம் சேசிஸில் சேர்த்த தடித்த இரும்புத் தட்டு அசையவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் தாளில் ஒரு சிறு கோடு போட்டார். நல்லது என்று அவர் வாயால் சொல்லியிருந்தால்கூடப் பெரிலுக்கு அந்தக் கோடுகளிலிருந்த நிறைவு கிடைத்திருக்காது. அவளுக்குப் பிடித்த வகை மனிதர் அவர்.

மதியம் மூவரும் வேனுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மழை கனத்திருந்தது. பன்றியிறைச்சித் துண்டுகளுக்கு மேல் கடுகு விழுது தடவிய ரொட்டி, பிறகு உலர்திராட்சை ரொட்டி, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வைத்து, குடுவையில் தேநீர்.

"தேறிட்டோம்," என்றார் நெவில்.

"சொல்லாத. இன்னும் மிச்சமிருக்கு," என்றாள் பெரில். படபடப்பில் அவரை ஒருமையில் அழைத்துவிட்டது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

"என்ன மிச்சம்? சேசிஸ் எண்ணைப் பார்த்துத் தாளோட ஒத்துப் பார்க்கணும். அவ்வளவுதானே?"

அந்த எண்ணை அடிப்பது பெரிலின் வேலை. சேசிஸ் கொட்டகையை விட்டுப் புறப்படும் நாளில், அவள் மண்டியிட்டு, எஃகு எழுத்துக்களை ஒவ்வொன்றாக நிறுத்திச் சுத்தியலால் அடிப்பாள். கிளெம் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பான். யாரும் வைத்த விதியல்ல. முதல் காருக்கு அப்படி நடந்தது, பிறகு அப்படியே நடந்தது. வலப்பக்கத்து நீளக் குழாயில், முன்சக்கரத் தாங்கியிலிருந்து ஒரு சாண் தள்ளி. அறுபது கார்களிலும் அதே இடம்.

இரண்டு மணிக்கு விட்லம் பானெட்டைத் திறந்து, கைவிளக்கை வலப்பக்கக் குழாயின்மேல் பாய்ச்சினார். குழாய் கறுப்பாக, வழவழப்பாக, பியானோவைப் போல் மின்னியது. எண் இல்லை.

"எண் எங்கே?"

"அங்கேதான் இருக்கு," என்றான் கிளெம். குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். "நெவில், இது மேல என்னடா பூசின?"

"ஒம்பது பூச்சு."

"எண்ணுக்கு மேலயா?"

"எல்லாத்துக்கும் மேல. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். சின்னச் சின்னப் பள்ளம் இருந்துச்சு, அதெல்லாம் மட்டமாற வரைக்கும்…" நெவில் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ஓட்டுநராக இருந்த முப்பது ஆண்டுகளில் அவர் முடிக்காமல் விட்ட முதல் வாக்கியமாக அது இருக்கலாம்.

விட்லம் விளக்கை அணைத்தார். "வண்டியில எண் தெரியணும். தெரியலைன்னா, காலையிலேருந்து நான் எந்த வண்டியைப் பார்த்தேன்னு எழுதுறதுக்கு வழியில்ல."

"பேப்பர்ல இருக்கு சார்."

"பேப்பர்ல இருக்கறது பேப்பரோட எண், மிஸ்டர் சார்ட்சன். கூடத்துக்குள்ள சுரண்டக் கூடாது. வெளியே முற்றத்துக்குக் கொண்டு போங்க. மூணரைக்கு நான் மூடிடுவேன். அடுத்த தேதி நவம்பர் இருபத்தஞ்சு."

நவம்பரில் கொட்டகை இருக்காது. கிளெம் பெரிலைப் பார்த்தான். பெரில் தன் புத்தகத்தின் முப்பத்தெட்டுப் பக்கங்களையும் மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருந்தாள். பதினொன்றாம் பக்கம், சேசிஸுக்கு வர்ணம் பூசுதல். எத்தனை பூச்சு, எந்தத் தூரிகை, எத்தனை மணி நேரம் உலர விட வேண்டும், எல்லாம் இருந்தது. எண்ணின்மேல் பூசாதே என்பது இல்லை. அந்த எண்ணை அவர்களைத் தவிர வேறு யாரும் தேட வேண்டிய அவசியம் இருபத்தேழு ஆண்டுகளில் வந்ததில்லை.

மழையில் காரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கிளெம் வேனிலிருந்து சுரண்டியையும் வர்ணம் கரைக்கும் எண்ணெயையும் எடுத்து வந்தான். நெவில் பானெட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தள்ளு நெவில்."

"முழுக் குழாயையும் சுரண்டப் போறியா?"

"வேற வழி?"

"என் சமாதி மேல ஏறிச் சுரண்டு."

"உன் சமாதிக்கும் ஒம்பது பூச்சு போட்டுட்டா நான் எங்கடா தேடுவேன்?"

"நிறுத்துங்க ரெண்டு பேரும்," என்றாள் பெரில். "நெவில், தப்பு உங்களோடதில்ல. பதினோராம் பக்கத்துல நான் எழுதியிருக்கணும். எழுதல."

நெவில் அவளைப் பார்த்த பார்வையில் சேசிஸின் துயரம் ஒரு கணம் மறைந்தது. "உன் புத்தகத்துல தப்பா, கண்ணு?"

"ஆமா. தப்பு."

அவர் நகர்ந்து வழிவிட்டார். "அப்ப ஒரு உள்ளங்கை அளவுக்குச் சுரண்டிக்கோங்க. எண் எங்க இருக்குன்னு சொல்லு, அந்த இடத்தை மட்டும்."

கிளெம் தாங்கியிலிருந்து ஒரு சாண் அளந்தான். அவன் கை அங்கேயே நின்றுவிட்டது. அந்த இடத்தில்தான் புதிய விதிக்காக இன்னொரு தட்டையும் அவன் வைத்து வெல்டிங் செய்திருந்தான்.

"பெரில்," என்றான் மெதுவாக. "நீ அடிக்கும்போது இந்தத் தட்டு இருந்துச்சில்ல?"

"இருந்துச்சு."

"அப்ப எங்க அடிச்ச?"

அவளுக்கு நினைவில்லை. அறுபது கார்களுக்குக் கை தானே இடத்தைக் கண்டுகொண்டது. அறுபத்தொன்றில் கைக்கு இடமில்லாமல் போனபோது என்ன செய்தாள் என்று மனம் குறித்து வைக்கவில்லை. அவளுடைய குறிப்பேட்டில், '61. அடித்தாயிற்று' என்று மட்டுமே இருந்தது. இடம் மாறும் என்று எண்ணியிருந்தால் அல்லவா இடத்தை எழுதுவாள்? மூன்று அடி நீளம், இரண்டு குழாய்கள், நான்கு பக்கங்கள். மணி இரண்டு ஐம்பது.

"யோசி பெரில். என்ன கிழமை? யாரு இருந்தாங்க?"

"நீ இருந்த. தொப்பியைக் கழட்டல."

"கழட்டினேனே?"

"இல்ல. கூரை ஒழுகிச்சு. உன் தலையில சொட்டுதுன்னு போட்டுக்கிட்டே நின்ன." அவள் நிறுத்தினாள். "வாசப் பக்கம் ஒழுகிச்சு. வலப்பக்கம் தரை முழுக்க ஈரம். மண்டி போட முடியாம நான் இந்தப் பக்கம் வந்தேன்."

அவள் இடப்பக்கத்துக்குப் போய், கோணிப்பையை மடித்துப் போட்டு முழங்காலிட்டாள். கையுறையைக் கழற்றி, விரல் நுனிகளைக் கோட்டுக்குள் விட்டுச் சூடேற்றினாள். உலர்ந்த பிசினுக்கு அடியில் ஊசித்தலை அளவு காற்று சிக்கியிருந்தாலும் காட்டிக்கொடுக்கும் விரல்கள் அவை. கண்ணை மூடிக்கொண்டு குழாயின்மேல் கையை மெல்ல நகர்த்தினாள். மேற்பக்கம், ஒன்றுமில்லை. வெளிப்பக்கம், ஒன்றுமில்லை. நெவில் அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்தார்.

"ரொம்ப நல்லாத் தேய்ச்சிருக்கீங்க, நெவில்," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"மன்னிச்சிடு கண்ணு."

"மன்னிப்பு எதுக்கு? நல்லாருக்குன்னு சொன்னேன்."

உட்பக்கம். இன்ஜின் தாங்கிக்குச் சற்றுக் கீழே விரல் ஒரு முறை தயங்கியது. முன்னால் போயிற்று, திரும்பி வந்தது. பள்ளம் என்று சொல்ல முடியாது. நீர்ப்பரப்பில் காற்று பட்டால் தெரிவதைப் போன்ற ஒரு நெளிவு.

"இங்க," என்றாள்.

"நிச்சயமா?"

"கிளெம், சுரண்டியைக் குடு."

ஒன்பது பூச்சுகளும் ஒவ்வொன்றாக வந்தன. ஐந்தாவது பூச்சுக்குக் கீழே போனதும் நெவில் தலையைத் திருப்பிக்கொண்டார். இரும்பு வெளிப்பட்டது. கிளெம் எண்ணெய்த் துணியால் துடைத்தான். முதலில் ஒரு ஒன்று; அதற்கு இடப்பக்கத்தில், சற்றே சாய்ந்த ஓர் ஆறு.

விட்லம் மழையங்கியோடு வெளியே வந்தார். மெல்லிய தாளொன்றை எண்ணின்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தார். குடை அவர் தலைக்கு மாறியது. தாளில் எண் வெண்மையாக எழுந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்து, விண்ணப்பத்தோடு ஒத்துப் பார்த்தார்.

"யார் கண்டுபிடிச்சது?"

"இவங்கதான். கையாலயே," என்றார் நெவில். "ஒம்பது பூச்சுக்கு அடியில சார். ஒம்பது!"

"எண்ணுக்கு மேல இப்ப மறுபடியும் பூசிடாதீங்க, மிஸ்டர் பாஸ்க்."

"பூசமாட்டேன். கண்ணாடி போட்டு வைக்கிறேன்."

கூடத்துக்குள் போய் விட்லம் மேசைமுன் அமர்ந்தார். படிவத்தை இழுத்து, எண், நிறம், இருக்கைகள் என்று வரிசையாக நிரப்பினார். ஓரிடத்தில் பேனா நின்றது.

"தயாரிப்பாளர் பெயர்?"

நெவில் வழக்கமான பதிலைச் சொன்னார். இன்ஜின் எந்தப் பழைய காரிலிருந்து எடுக்கப்பட்டதோ, அந்தக் காரைச் செய்த பெரிய நிறுவனத்தின் பெயர். அதுதான் நடைமுறை. அறுபது கர்லூக்களின் பதிவுப் புத்தகங்களிலும், கர்லூவை ஒரு நாளும் பார்த்திராத அந்த நிறுவனத்தின் பெயரே இருந்தது. அதைப் பற்றிக் கிளெமோ பெரிலோ ஒரு முறையும் பேசிக்கொண்டதில்லை. பேசினால் வலிக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

"அவங்க கொடுத்தது இன்ஜின்," என்றார் விட்லம். "நான் காலையிலேருந்து பார்த்தது முழு வண்டி. இதைச் செஞ்சது யாரு?"

கிளெம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"நாங்க," என்றாள் பெரில்.

"பெயர் வேணும், மிசஸ் சார்ட்சன்."

"சார்ட்சன்."

"அவ்வளவுதானா? கம்பெனி, லிமிடெட், ஏதாவது?"

"அவ்வளவுதான்."

அவர் பெரிய எழுத்துக்களில், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதினார். அதன் கீழே, மாதிரி: கர்லூ. முழுவதையும் மேலிருந்து ஒரு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டு, தேதியும் நேரமும் குறித்தார். மூன்று இருபத்தாறு. முத்திரையை வைத்து, மை உலர்வதற்காக ஊதினார். விண்ணப்பதாரர் நெவில் என்பதால் விதிப்படி தாளை அவரிடம் நீட்டினார்.

நெவில் அதை வாங்கினார். படிக்கவில்லை. அப்படியே திரும்பிப் பெரிலிடம் நீட்டினார்.

"எனக்கு வண்டி இருக்கு, கண்ணு. இதை முதல்ல நீ பிடி."

பெரில் கைகளைக் கோட்டில் துடைத்தாள். விரல்களில் கறுப்பு வர்ணமும் மழையும் இருந்தன. கோட்டைத் திறந்து உட்துணியில் மறுபடியும் துடைத்தாள். கைகளை இரு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, ஓரங்களை மட்டும் தொட்டு, தாளை வாங்கினாள்.